வாசற்படிக்கு ஒரு தடையாணை

ஜூலை 9

இன்று அவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சர்க்கரை எடுத்துக்கொண்டது.

வண்டியிலிருந்து சக்கர நாற்காலியில் இறக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டோம். ஏழு கருங்கல் படிகள், ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் உயரம். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஏறி இறங்குகிறேன். இன்றைக்குத்தான் அவை எவ்வளவு செங்குத்து என்று பார்த்தேன். வீட்டைக் கட்டியவர் என் கணவரின் கொள்ளுத்தாத்தா. பினாங்குக்கு வெங்காயம் ஏற்றுமதி செய்தவர். கடல் என்றைக்காவது ஊருக்குள் வரும் என்று பயந்து தளத்தை உயர்த்திக் கட்டினாராம். கடல் வரவில்லை. சர்க்கரை வந்தது.

கலியமூர்த்தியும் இன்னும் மூன்று பேரும் நாற்காலியோடு தூக்கினார்கள். கலியமூர்த்தி இவருடைய டீக்கடை நண்பர்.

"என்னண்ணே, ஒரு காலு போயும் வெயிட்டு குறையலியே?"

"அது உங்க அண்ணி சமையல்டா. இழுத்துப் புடி."

போகும்போது கலியமூர்த்தி என்னிடம் சொன்னார்: "அண்ணி, பெஞ்சுல அண்ணன் எடத்துல யாரையும் ஒக்கார விடல. எப்ப வந்தாலும் அவரு எடம் அவருக்குத்தான்."

கலங்கரை விளக்கத்துக்கு எதிரே இருக்கும் அந்த டீக்கடைப் பெஞ்சைப் பற்றி எழுத வேண்டும் என்றால் தனி டைரி வேண்டும். தன் கடையை மூடிவிட்டு நேராக அங்கே போவார். ஒன்பது மணிக்கு மேல் வீட்டுக்கு வருவார். மழை, புயல் எச்சரிக்கை, இப்போது வெளியூரில் படிக்கும் எங்கள் பெண் பிறந்த அன்று, எதற்கும் விடுமுறை கிடையாது. நான் குறை சொல்லவில்லை. தகவலாக எழுதுகிறேன்.

ஜூலை 13

கொத்தனார் ஆரோக்கியசாமி வந்து அளந்தார். படிகளை உடைக்க வேண்டாம். இடது ஓரமாக முன்தாழ்வாரத்திலிருந்து ஒரு சாய்தளம் இறக்கி, சுவரோரமாகத் திருப்பித் தெருவில் விட்டுவிடலாம் என்றார். "ரெண்டே நாள் வேலைம்மா. மூணாம் நாள் ஐயா தானே உருட்டிக்கிட்டு எறங்கலாம்."

உள்ளேயிருந்து இவர், "கைப்பிடி வச்சுக் கட்டு ஆரோக்கியம். வேகமா எறங்கப் போறேன்" என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன்.

பின்பக்கம் வழி இருந்திருந்தால் இந்த வேலையே இல்லை. பின்னால் கிணறு. கிணற்றுக்குப் பின்னால் அடுத்த வீட்டுச் சுவர்.

ஜூலை 16

மணல் வந்து இறங்கியது. மணலுக்குப் பின்னாலேயே நகரமைப்பு ஆய்வாளர் தட்சிணாமூர்த்தியும் வந்து இறங்கினார்.

"மேடம், வேலைய நிறுத்துங்க. இது பாரம்பரியக் கட்டடம்."

"எப்போதிலிருந்து?"

"மார்ச்சுலேருந்து."

வீடு கட்டியது 1894. பாரம்பரியம் ஆனது போன மார்ச். சேந்தன்துறை நகராட்சி முப்பத்தொரு வீடுகளைப் பாரம்பரியக் கட்டடங்கள் என்று தீர்மானம் போட்டிருக்கிறதாம். வீட்டுக்காரர்களிடம் கேட்டீர்களா என்றேன். "கேட்டா வேணாம்னு சொல்லிருப்பீங்க மேடம்" என்றார்.

அந்தத் தீர்மானம் நிறைவேறிய விதத்தையும் அவரே சொன்னார். கூட்டத்தில் இருபத்திரண்டு பொருள்கள். தெருநாய்க் கருத்தடைக்கும் டியூப்லைட் கொள்முதலுக்கும் நடுவில் நாங்கள். மதியச் சாப்பாடு வந்துவிட்டதால் உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து "ஆல் பாஸ்!" என்று குரல் கொடுத்தார்கள். பிரியாணி ஆறுவதற்குள் நான் ஒரு வரலாற்றுச் சின்னத்தின் சொந்தக்காரி ஆகியிருந்தேன்.

(வீடு என் பேரில்தான் இருக்கிறது. மாமனார் சாகும்முன் எனக்கு எழுதிவைத்தார். "வீட்டுல இருக்கிறவ பேர்லதான் வீடு இருக்கணும்" என்றார். சொந்த மகன் இருந்தும் மருமகள் பேருக்கு எழுதினார். மகன் அப்போது வீட்டில் இல்லை, பெஞ்சில் இருந்தார் என்று எழுதினால் அது மிகை. ஆனால் உண்மை.)

ஜூலை 24

நோட்டீஸ் வந்துவிட்டது. கட்டடத்தைப் பாதுகாக்கச் சொல்லும் படிவம் நகராட்சியிடம் இல்லை போலிருக்கிறது. இடிந்து விழும் கட்டடங்களுக்கு அனுப்பும் படிவத்தை எடுத்து, "ஏழு தினங்களுக்குள் இடித்து அகற்ற" என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே "என்றென்றும் பேணிப் பாதுகாக்க" என்று எழுதியிருக்கிறார்கள். கீழே உள்ள வாசகத்தை அடிக்க மறந்துவிட்டார்கள்: "தவறினால் நகராட்சியே மேற்படி பணியைச் செய்து செலவுத் தொகையைத் தங்களிடம் வசூலிக்கும்."

இவரிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் சிரித்தார். கட்டிலில் சாய்ந்தபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. நானும் சிரித்தேன். சாயங்கால வேளையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஆகஸ்ட் 2

கல்லூரியில் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு நகராட்சித் தலைவரைப் பார்க்கப் போனேன். தலைவர் திருமதி பொற்கொடி. தலைவரின் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் கணவர் தமிழ்மாறன் உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பக்கத்து நாற்காலி பதில் சொன்னது.

"ஊருக்குப் பெருமை வேணாமாம்மா? வெளிநாட்டுக்காரன் வந்து பாக்கணும்."

"என் கணவர் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். படிகளில் இறங்க முடியவில்லை."

"அந்தப் படிதாம்மா அழகே! சாய்தளம் போட்டா முகப்பே கெட்டுடும்."

போன வருடம் நகராட்சி தன்னுடைய பழைய மண்டபத்தை இடித்து வணிக வளாகம் கட்டியதே, அது எங்கள் வீட்டைவிட ஐம்பது வருடம் மூத்தது ஆயிற்றே என்று கேட்டேன். தமிழ்மாறனுக்குக் கொஞ்சம்கூடக் கோபம் வரவில்லை. "அது எங்க கட்டடம். இடிக்க எங்களுக்கு உரிமை இருக்கு. உங்களது தனியார் கட்டடம். அதனாலதான் பாதுகாக்க வேண்டியிருக்கு" என்றார்.

பொற்கொடி என்னை வாசல்வரை வழியனுப்ப வந்தார். "வீட்டுக்காரருக்கு இப்ப எப்படிக்கா இருக்கு? வீட்டுலயேவா இருக்காரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பி அறைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குடுத்து வச்சவங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

என்ன பேச்சு இது? வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 11

இன்னொரு நோட்டீஸ். இது பொறியியல் பிரிவிலிருந்து. எங்கள் வீட்டின் கீழ் இரண்டு படிகள் நகராட்சிச் சாக்கடையின் மேல் ஆக்கிரமிப்பாக அமைந்திருக்கின்றனவாம். உடனே அகற்ற வேண்டும்.

நகரமைப்புப் பிரிவின் கணக்கில் அந்தப் படிகளைத் தொட்டால் குற்றம். பொறியியல் பிரிவின் கணக்கில் தொடாவிட்டால் குற்றம். இரண்டு பிரிவுகளும் ஒரே வராந்தாவில் எதிரெதிர் அறைகளில் இருக்கின்றன. போனில் தட்சிணாமூர்த்தியிடம் சொன்னேன். "அது வேற செக்‌ஷன் மேடம். நாங்க பேசிக்கிறதில்ல" என்றார்.

ஆகஸ்ட் 14

வழக்கறிஞர் நூருல் அமீனைப் பார்த்தேன். இரண்டு நோட்டீஸ்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நகைக்கடைக்காரர் வளையல் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மேடம், இதை எனக்குக் குடுத்துடறீங்களா? கேஸ் முடிஞ்சதும் ஃப்ரேம் போட்டுக்கறேன்."

பிறகு புரியும்படி சொன்னார். நகராட்சிக்கென்று சொந்தமாக எந்த அதிகாரமும் கிடையாது. சட்டம் எதைக் கையில் கொடுத்ததோ அது மட்டும்தான். கட்டட அனுமதி கொடுக்கலாம், மறுக்கலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒருவர் வீட்டைப் பாரம்பரியம் என்று அறிவிக்க வேண்டுமானால் அதற்கென்று சட்டம் சொன்ன வழி இருக்கிறது. முன்கூட்டி அறிவிப்பு, ஆட்சேபம் கேட்பது, விசாரணை. "இவங்க அந்த வழியா வரல. சுவரேறிக் குதிச்சிருக்காங்க."

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதென்று முடிவாயிற்று.

ஆகஸ்ட் 30

இவர் அவரைக்காய் நறுக்கித் தருகிறார். முதல் நாள் காம்பையும் சேர்த்து நறுக்கினார். இப்போது என்னைவிட நன்றாக நறுக்குகிறார்.

இன்று, "உங்க காலேஜ் லேப்ல நீ என்னதான் பண்ற?" என்று கேட்டார். நான் பதினெட்டு வருடமாக மகளிர் கல்லூரியில் விலங்கியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எம்.எஸ்சி. முடித்துவிட்டுச் சேர்ந்த வேலை. இந்தக் கேள்வி வர பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். ஃபார்மலின் மாற்றுவது, ஜாடி மூடிகளுக்கு மெழுகு வைப்பது, நாகப்பாம்பு ஜாடியைப் பார்த்து வருடத்துக்கு ஒரு பெண்ணாவது மயங்கி விழுவது.

"அந்தப் பாம்பு எத்தனை வருஷமா அப்படியே இருக்கு?"

"எனக்கு முன்னாலேருந்து. செதில்கூட உதிரல."

"பாவம்" என்றார். "அதுக்கு உதுந்துட்டாத் தேவலன்னு இருக்கும்."

செப்டம்பர் 12

மனு ஏற்கப்பட்டது. நகராட்சிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. இனி காத்திருக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 20

கலியமூர்த்தி வந்தார். தினமும் சாயங்காலம் நாலு பேர் வந்து நாற்காலியோடு இறக்கி, ஒன்பது மணிக்குத் திரும்ப ஏற்றிவிடுகிறோம் என்றார். "ஒரு சிரமமும் இல்ல அண்ணி. சாமி தூக்குற ஆளுங்கதான் எல்லாம்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. குலுங்கினால் தையல் பிரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கலியமூர்த்தி போனபிறகு இவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் 4

வீட்டுக்கே வந்து செயற்கைக் கால் பொருத்திப் பார்த்தார்கள். உராய்ந்து புண்ணாகிறது. இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்கிறார்கள். இது டாக்டரே சொன்னது.

அக்டோபர் 9

நூருல் அமீன் போன் செய்தார். "மேடம், கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும். ஆரோக்கியசாமிகிட்ட சொல்லி நல்ல தேக்குப் பலகையா ரெண்டு வாங்கி சாய்ச்சு வச்சுடுங்களேன். வேணுங்கறப்போ போட்டு, வேணாங்கறப்போ எடுத்துடலாம். பலகை கட்டுமானம் ஆகாது. நகராட்சியால ஒண்ணும் பண்ண முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். நம் வீட்டுக்குள் நாம் போய்வர, திருட்டுப் பூனை மாதிரி பலகை போட்டு எடுக்க வேண்டுமா? உரிமை என்றால் அது சிமென்டில் இருக்க வேண்டும். கொள்கை என்று ஒன்று இருக்கிறது. அவரிடம் அப்படியே சொன்னேன். "இவ்வளவு உறுதியான கட்சிக்காரர் எனக்குக் கெடச்சதில்ல மேடம்" என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பலகை விஷயத்தை இவரிடம் சொல்லவில்லை. வீணாக ஆசை காட்டுவானேன்.

அக்டோபர் 27

அடைமழை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இவர் சின்ன வயதுக் கதைகள் சொன்னார். மாமியார் வீட்டு ஆட்களைப் பற்றி இருபது வருடமாக எனக்குப் புரியாமல் இருந்த மூன்று சண்டைகள் இன்றைக்குப் புரிந்தன. பெஞ்சில் கலியமூர்த்தி கூட்டம் இதையெல்லாம் நூறு தடவை கேட்டிருக்கும். எனக்கு முதல் தடவை.

மின்சாரம் போனது. போனால் போகட்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம்.

நவம்பர் 6

இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது! நகராட்சியின் இரண்டு நோட்டீஸ்களையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். நூருல் அமீன் சந்தோஷமாக, "இனிமே கட்டிடுங்க மேடம். யாரும் கேக்க முடியாது" என்றார்.

மழைக்காலம். சிமென்ட் பிடிக்காது. அவசரப்பட்டுக் கட்டி, வெடிப்பு விட்டால் யார் பொறுப்பு?

டிசம்பர் 3

மழை விட்டுவிட்டது. இவரே சொன்னார். "மழை விட்டுருச்சு குமுதா."

தடை என்பது இடைக்கால ஏற்பாடு, இறுதித் தீர்ப்பு எதிராக வந்தால் கட்டியதை இடிக்கச் சொல்வார்கள், இடித்த காசும் நம் தலையில் விழும் என்று விளக்கினேன். சட்டப்படி சரியான வாதம். நூருல் அமீனே ஒருமுறை வேறு யாருடைய வழக்கையோ பற்றி இப்படிச் சொல்லியிருக்கிறார்.

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதுவரைக்கும் எனக்கும் ஒரு போர்டு மாட்டிடு. தொடாதே, பாரம்பரியச் சின்னம்னு" என்றார்.

சிரித்தேன். அவர் சிரித்தமாதிரித் தெரியவில்லை.

டிசம்பர் 19

ஆரோக்கியசாமி இரண்டு தடவை வந்து போனார். மணலில் பாதியைத் தெரு நாய்கள் தோண்டிவிட்டன. பொங்கல் கழியட்டும் என்று சொன்னேன்.

ஜனவரி 8

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தது. தட்சிணாமூர்த்தி சைக்கிளில் வந்து இறங்கி, "அசல் நிறத்துலதான் அடிக்கணும் மேடம்" என்றார். அசல் நிறம் எது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. சுவரை ஒரு இடத்தில் நகத்தால் சுரண்டினார். வெள்ளை. அதற்கடியில் வெள்ளை. அதற்கும் அடியில் நீலம் கலந்த வெள்ளை. நூற்று முப்பது பொங்கல்களின் சுண்ணாம்பு விரல்கடை தடிமனுக்கு இருந்தது. கொஞ்சநேரம் சுரண்டிவிட்டு, நகத்தில் சுண்ணாம்பு ஏறி எரிந்ததும், "தடையாணை இருக்கறதால இந்த வருஷம் விட்டுடறேன்" என்று பெருந்தன்மையாகப் போய்விட்டார்.

ஜனவரி 21

நகராட்சி 'பாரம்பரிய நடை' நடத்தியது. தமிழ்மாறன் தொப்பி போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். பின்னால் வெளியூர்க்காரர்கள் நாற்பது பேர் கேமராவோடு. ஒலிபெருக்கியில் ஒரு பையன், "இது டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை" என்று ஆரம்பித்தான்.

முன்தாழ்வாரத்திலிருந்து இவர் குரல் கொடுத்தார்: "டச்சுக்காரன் இல்ல தம்பி, வெங்காயக்காரன்!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்கள். உடனே இவரும் காட்சியில் சேர்ந்துவிட்டார். தூணுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பழைய வீட்டுக்காரர். ஒரு பெண் வந்து, "அங்கிள், கொஞ்சம் அப்படியே இருங்க, அசையாதீங்க" என்றாள்.

"அதுதாம்மா இப்ப என் வேலை" என்றார் இவர்.

படம் எடுத்து முடித்ததும் நாற்பது பேரும் தடதடவென்று படியிறங்கிப் போனார்கள். கலங்கரை விளக்கத்தைப் பார்க்க. இவர் அவர்கள் முகங்களைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், கடைசிக் கால் இறங்கும்வரை.

ராத்திரி சாப்பிடவில்லை. பசியில்லை என்றார். எனக்கும் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. அத்தனை பேர் வந்து போன தூசி.

பிப்ரவரி 17

இன்று இறுதி விசாரணை. நூருல் அமீன் தன் அலுவலகத்திலிருந்தே காணொலியில் வாதாடப் போவதால், அங்கே வந்து கணினித் திரையில் பார்க்கலாம் என்றார். இவரும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். என்னைக் கேட்காமல் கலியமூர்த்திக்குப் போன் செய்தார். நாலு பேர் வந்து இறக்கினார்கள். தையல் ஒன்றும் பிரியவில்லை.

ஆங்கிலத்தில் நடந்ததை எனக்குத் தோன்றிய தமிழில் எழுதுகிறேன்.

நீதிபதி இரண்டு நோட்டீஸ்களையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "படிகளைப் பாதுகாக்கவும் சொல்கிறீர்கள், பெயர்க்கவும் சொல்கிறீர்கள். மனுதாரர் எதை முதலில் செய்ய வேண்டும்?"

நகராட்சி வக்கீல், ஊரின் பாரம்பரியத்தைக் காக்கும் நல்லெண்ணத்தில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது என்றார்.

"நல்லெண்ணம் இருக்கட்டும். அதிகாரம் எங்கே இருக்கிறது?"

"தீர்மானம், மை லார்ட்."

"அமாவாசைக்கு நிலா வர வேண்டும் என்றும் நீங்கள் ஒரு தீர்மானம் போடலாம். வருமா?"

பிறகு உத்தரவு சொன்னார். பழமையான வீடு என்பதாலேயே அது பொதுச்சொத்து ஆகிவிடாது. சட்டம் தராத அதிகாரத்தை நகராட்சி தனக்குத்தானே தந்துகொள்ள முடியாது. பாதுகாக்க விருப்பம் இருந்தால் வீட்டுக்காரரைக் கேட்கலாம், எடுத்துச் சொல்லலாம், வரிச்சலுகை கொடுத்து ஊக்குவிக்கலாம். சட்டம் சொன்ன வழியில், அவர் பேச்சையும் கேட்டு, அவருக்கு உண்டாகும் இழப்பையும் யோசித்துச் செய்யலாம். உள்ளே இருப்பவரின் வாழ்க்கையை நிறுத்திவைத்துவிட்டு வெளியே இருந்து அழகு பார்க்க முடியாது. இரண்டு நோட்டீஸ்களும் ரத்து.

நூருல் அமீன் மேசையடியில் என் பக்கம் கட்டைவிரலை உயர்த்தினார். அப்போது நீதிபதி, போகிற போக்கில், "நவம்பரிலேயே தடை கொடுத்திருக்கிறோமே. சாய்தளம் கட்டியாகிவிட்டது அல்லவா?" என்று கேட்டார்.

"இல்லை, மை லார்ட்."

"ஏன்?"

நூருல் அமீன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். "மனுதாரர் இறுதித் தீர்ப்புக்காகக் காத்திருந்தார், மை லார்ட்" என்றார்.

"நீதிமன்றத்தின் மேல் இவ்வளவு மரியாதை வைத்திருப்பவரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார் நீதிபதி. நகராட்சி வக்கீல்கூடச் சிரித்தார். திரை அணைந்தது.

எனக்குப் பக்கத்தில் இவர் சிரிக்கவில்லை. "நவம்பர்லயே கட்டிருக்கலாமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மேடம்கிட்ட அப்பவே சொன்னேன் சார். அதுக்கு முன்னாடி பலகைகூட..." என்று ஆரம்பித்த நூருல் அமீன், என் முகத்தைப் பார்த்து நிறுத்தி, டீ சொல்லட்டுமா என்றார்.

வீடு வரும்வரை இவர் பேசவில்லை. ஆத்திரப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். சட்டநிலை பற்றி என்னிடம் போதுமான வாதங்கள் இருந்தன. வாசலில் நாலு பேர் தூக்கும்போது மட்டும் சொன்னார்: "ஆரோக்கியத்துக்கு நானே போன் பண்ணிக்கிறேன்."

பிப்ரவரி 18

கீரை ஆய்ந்தேன். நானே.

பிப்ரவரி 25

சாய்தளம் முடிந்துவிட்டது. கொத்தனார் சொன்னபடியே இரண்டு நாள். முகப்பு ஒன்றும் கெடவில்லை. பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டும். காலையிலும் மாலையிலும் நான்தான் விடுகிறேன்.

மார்ச் 5

இறங்கினார். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. தெருமுனையில் திரும்பும்போது கையை மட்டும் தூக்கிக் காட்டினார். எனக்கா, எதிரே வந்த பால்காரருக்கா தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் வந்தார். உடம்பெல்லாம் கடல்காற்றும் பீடிப் புகையும். முகம் பழையபடி ஆகியிருந்தது.

மார்ச் 9

நகராட்சியிலிருந்து கடிதம். "தாங்கள் விரும்பினால் தங்கள் இல்லத்தின் பழமையைப் பேணுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." தலைவர் பொற்கொடியின் கையொப்பம். இந்த முறை அவரே போட்டமாதிரி இருந்தது, எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. கூடவே, பழமையைப் பேணுவதற்காக ஒரு நற்சான்றிதழ். தட்சிணாமூர்த்தி அதை நேரில் கொடுத்துவிட்டு, சாய்தளத்தில் ஏறி இறங்கிப் பார்த்தார். "என் முட்டிக்கு இதான் மேடம் வசதி" என்றார்.

மார்ச் 12

இன்று கிளம்பும்போது, "ஏழு மணிக்குள்ள வந்துடுங்க" என்றேன்.

"டாக்டர் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

சக்கரத்தை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. "குமுதா, நீ மட்டும் நகராட்சில இருந்திருந்தா கேஸ் தோத்திருக்காது" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

ஒன்பதேகாலுக்கு வந்தார். கதவைத் திறந்துவிட்டேன். சாதம் போட்டேன். இதற்கு மேல் எனக்கு என்ன செய்யத் தெரியும் என்று யோசித்தபடி பாத்திரம் தேய்த்தேன்.

மார்ச் 20

எழுத ஒன்றுமில்லை. நல்ல வெயில்.

மார்ச் 27

கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இருட்டிவிட்டது, எழுந்து விளக்குப் போடவில்லை. சாய்தளத்தில் சக்கரம் ஏறும் சத்தம் கேட்டது. கூடவே கலியமூர்த்தியின் குரல்.

"அண்ணி, நியாயமா சொல்லுங்க. ஒரு மனுசன் பேச்ச பாதில விட்டுட்டு இந்நேரத்துக்கே கெளம்பலாமா? இன்னும் எட்டுகூட ஆகல!"

"நீ போடா. தள்ளத் தெரியல, பேச மட்டும் தெரியுது" என்றார் இவர்.

கலியமூர்த்தி போய்விட்டார். இவர் நாற்காலியை நிலைப்படி தாண்டி உருட்டிக்கொண்டு வந்து, சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டார்.

"இருட்டுல என்ன பண்ற?"

"கொசு வருதுன்னு..."

"லைட்டு போட்டா கொசு வராது, போடாட்டிதான் வரும். எம்.எஸ்சி. படிச்சவ."

நாற்காலியை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஒரு காரணம் சொல்ல வேண்டிவரும். காரணம் என்று ஒன்று கையில் கிடைத்தால், எனக்கு என்னைத் தெரியும், நாளைக்கே அதை விதியாக்கிவிடுவேன்.

சும்மா உட்கார்ந்திருந்தோம். நாளை எப்போது வருவார், தெரியாது.